உறைபனி வயலில் மெட்டல் டிடெக்டர்

இங்கிலாந்தில் மண்ணுக்குள் கிடக்கும் பழங்காசுகளைத் தேடி மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குபவர்கள் குளிரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. ஆட்டத்தைக் கெடுப்பது நீரும், மேல்மண்ணில் பிடிக்கும் உறைபனியும்தான்.

முதலில் எந்த வயல் என்று பார்ப்போம். குளிர்காலக் கோதுமையை செப்டம்பர், அக்டோபரிலேயே விதைத்துவிடுவார்கள். முளைவிட்ட வயலில் கால்வைக்கப் பல விவசாயிகள் சம்மதிக்க மாட்டார்கள். மிஞ்சுவது வசந்தகால பார்லிக்காக, அறுத்த பயிரின் தாள் மட்டும் நிற்க விட்ட நிலமும், மாடுகளைக் கொட்டகைக்கு ஓட்டிய பிறகு காலியாகக் கிடக்கும் மேய்ச்சல் புல்வெளியும். அன்றைக்கு உழுத நிலம் ஆசை காட்டும், அவசரம் வேண்டாம். மண்கட்டிக்குக் கட்டி இடைவெளி இருப்பதால் காயில் (டிடெக்டரின் நுனியில் இருக்கும், தரையை ஒட்டி வீசும் தட்டு) தரையோடு படியாது. அந்த உயரமெல்லாம் ஆழத்தில் கழிந்துவிடும். சில மழையும் சில உறைபனி இரவும் கட்டிகளை உதிர்த்து மண்ணை அமர்த்திய பிறகு போனால் நல்லது.

ஈர மண் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். கோடையில் வைத்த செட்டிங் அப்படியே பொருந்தாது. கீழே உலோகம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை 3 செ.மீ. உயரத்திலிருந்து 15 செ.மீ. வரை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள், அதாவது மண்ணே எழுப்பும் சிக்னலை டிடெக்டர் ஒதுக்கும்படி சரிசெய்யுங்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்தால் மறுபடியும் செய்ய வேண்டும். அப்படியும் டிடெக்டர் உளறினால், சென்சிடிவிட்டியை (உணர்திறனை) குறைக்கும் முன் காயில் கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சேற்றுத் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கலாம்; பொய் சிக்னலுக்கு அதுவே போதும். பூட்ஸில் இரும்பு முனை இருந்தாலும் இதே தொல்லைதான்.

உறைந்த மண்ணிலும் சிக்னல் வரும். தோண்டுவதுதான் கஷ்டம். மேலே 3 செ.மீ. இறுகியிருந்தாலே ஸ்பேடை ஏறி மிதிக்க வேண்டியிருக்கும். மண் எங்கே பிளக்கும் என்று கணிக்க முடியாது. இடைக்கால வெள்ளிப் பென்னி நாணயம் சுமார் 18 மி.மீ. அகலம், தகடு போல மெல்லிசு. ஒரு நெம்பலில் வளையும், சில சமயம் ஒடியும். பின்பாயின்ட்டர் (பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சின்னக் கைக்கருவி) காட்டிய புள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளி வெட்டி, கட்டியை முழுசாகப் புரட்டி, அதற்குப் பிறகு கையால் உடையுங்கள்.

புல்வெளியில் மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுப் புரட்டுவது வழக்கம். உறைந்த புல்கட்டி மடங்காமல் அந்தக் கீலிலேயே ஒடிந்துவிடும். திரும்ப வைத்தாலும் வேர் பிடிக்காது, வசந்தத்தில் மஞ்சள் திட்டாகத் தெரியும். கொடுத்த அனுமதியை விவசாயி திரும்பப் பெற அந்தத் திட்டு போதும். உறைபனி நாளில் புல்வெளியை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

பேட்டரிகளில் முதலில் சோர்வது பின்பாயின்ட்டரில் இருக்கும் 9 வோல்ட் அல்கலைன். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள டிடெக்டரைக் காரிலிருந்து எடுத்ததும் சார்ஜில் போடக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். எக்வினாக்ஸ் 800 மாதிரி நீரில் மூழ்கினாலும் தாங்கும் டிடெக்டர் என்றால் மழையைப் பற்றிக் கவலையில்லை. காயில் மட்டுமே நீர் புகாததாக உள்ள மாடல்களில் கன்ட்ரோல் பாக்ஸுக்கு உறை மாட்டுங்கள்.

கிடைத்த நாணயத்தின் சேற்றைக் கட்டைவிரலால் தேய்க்காதீர்கள். மண்ணில் இருக்கும் மணல் துகள் வெள்ளியைக் கீறிவிடும். சேற்றோடு சேர்த்துச் சின்ன டப்பாவில் போடுங்கள். வீட்டில் ஹீட்டர் மேல் வைத்துக் காயவைப்பதும் வேண்டாம்.

டிசம்பரில் தென் இங்கிலாந்தில் மாலை 4 மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். மூன்றரைக்கு ஒரே குழியில் இரண்டாவது வெள்ளிக் காசு வந்தால் நிறுத்திவிடுங்கள். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே புதையலில் இரண்டு கிடைத்தாலே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும். 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் அந்த வட்டார விசாரணை அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். இடத்தைக் குறித்து, குழியை மூடி, நில உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அந்த வட்டாரத் தொல்பொருள் பதிவு அலுவலரை அழையுங்கள். டார்ச் வெளிச்சத்தில் மிச்சத்தையும் தோண்டினால் காசுகள் எந்த ஆழத்தில், எப்படிக் கிடந்தன என்பதை அவராலும் அப்புறம் சொல்ல முடியாது.