ஸ்பெஷல்னு போட்டிருந்துச்சு, ஆனா ஆபீஸ் உண்டு

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா வந்த புதுசு, 2025 பிப்ரவரி. காலண்டர்ல 25ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குக் கீழ 'ஸ்பெஷல்'னு இருந்துச்சு, நமக்கு ஸ்பெஷல்னா லீவுதானே, பொண்ணுக்கும் ஸ்கூல் இல்லைன்னுட்டாங்க, டாகாய்டாய் போய் எரிமலை ஏரிய பாத்துட்டு வரலாம்னு வேன்கூட பேசியாச்சு. முந்தின நாள் சாயங்காலம் டீம்ல சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. "மய் பாசோக்", அதாவது நாளைக்கு ஆபீஸ் உண்டு. அது ஸ்பெஷல் 'ஒர்க்கிங்' டேயாம். வேலை பாக்குற விசேஷ நாள், போங்க!

இங்க மூணு வகை. ரெகுலர் ஹாலிடேன்னா வீட்ல இருந்தாலும் அன்னிக்கு கூலி உண்டு, வேலைக்கு வந்தா டபுள். ஸ்பெஷல் நான்-ஒர்க்கிங்னா வரலைன்னா காசு இல்ல, வந்தா 30 சதவீதம் கூட. ஸ்பெஷல் ஒர்க்கிங்னா பேர் மட்டும்தான், வழக்கமான சம்பளம்தான். 2019ல செப்டம்பர் 8, மாதா பிறந்தநாளுக்கு சட்டம் போட்டதும் இந்த மூணாவது வகையிலதான் (நம்ம வேளாங்கண்ணி திருவிழா அதே நாள்தான்).

சர்வாதிகாரி மார்க்கோஸை எதிர்த்த தலைவர் நினாய் அக்கினோ பேர்ல ஆகஸ்ட் 21க்கு 2004ல சட்டம் வந்துச்சு, அது நான்-ஒர்க்கிங். 1983ல அமெரிக்காவுலேந்து திரும்பி வந்த மனுஷனை ஏர்போர்ட்லயே சுட்டுட்டாங்க, நாம வந்து இறங்குறதே இப்ப அவர் பேர்ல இருக்கற அந்த ஏர்போர்ட்லதான். அந்தக் கோபம் வளர்ந்துதான் 1986 பிப்ரவரியில ஜனங்க மணிலாவோட பெரிய ரோடான எட்சாவை அடைச்சு நின்னு மார்க்கோஸை வெளிய அனுப்பினாங்க. அந்த வெற்றி நாள்தான் பிப்ரவரி 25. முன்னாடி லீவா இருந்ததை 2025ல வேலை நாளாக்கி உத்தரவு போட்டவர் அந்த மார்க்கோஸோட மகன். இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

அன்னிக்கு கூபாவ் ஸ்டேஷன்லேந்து எம்ஆர்டி ரயில்ல நசுங்கிக்கிட்டே போனேன், கீழ அதே எட்சா ரோடு, ஓர்டிகாஸ் கிட்ட மாதா சிலை பக்கம் அந்தப் போராட்டத்தோட நிறமான மஞ்சள்ல சட்டை போட்டவங்க கூடி நிக்கிறாங்க, வண்டிக்குள்ள எல்லாரும் ஐடி கார்டை கழுத்துல மாட்டிக்கிட்டு தூங்கறாங்க. வீட்ல பொண்ணு மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தா, வேன்காரர் அட்வான்ஸ் திருப்பித் தரல.

ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து எழுதின ஹோசே ரிசால் கதை வேற. 1896 டிசம்பர் 30ல ஸ்பெயின்காரன் சுட்டுக் கொன்னான், அந்த நாள் இன்னிக்கும் ரெகுலர் ஹாலிடே. ஆனா அவர்தான் தேசிய வீரர்னு அறிவிச்சு ஒரு சட்டமும் கிடையாதாம், ஊரே ஏத்துக்கிட்டது.

எங்க பில்டிங் செக்யூரிட்டி ஒருத்தர், குயான்னுதான் கூப்பிடுவேன், அண்ணன் மாதிரி. பிப்ரவரி 25 என்னாச்சுன்னு கேட்டதுக்கு உதட்டைப் பிதுக்கினார். டிசம்பர் வந்ததும் அவரே போய் 30ஆம் தேதி டூட்டி எழுதி வாங்கிக்கிட்டார். ரிசாலுக்காகவான்னு கேட்டேன். ரெண்டு விரலைக் காட்டினார். டபுள்.