பன்னெண்டு மணிக்கு மேல மிக்ஸி போடக்கூடாது

எங்க வீட்டுல ராத்திரி சமையலுக்கு மூணு சட்டம். மிக்ஸி போடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, காஞ்ச மிளகாயை எண்ணெயில கிள்ளிப் போட்டு நெடி கிளப்பக்கூடாது. சட்டம் போட்டது வொய்ஃப். அவங்க காலையில அஞ்சரைக்கு எந்திரிக்கணும், பையன் யூகேஜி படிக்கிறான், வேன் ஏழரைக்கெல்லாம் வாசல்ல வந்து ஹாரன் அடிச்சிரும், எனக்கோ ரெண்டு டூ பதினொண்ணு ஷிஃப்ட், சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல கேப் ஏறி ஒவ்வொருத்தரா இறக்கி விட்டு கடைசியா என்னை பள்ளிக்கரணையில இறக்குறதுக்குள்ள நடுராத்திரி ஆயிரும். ஆபீஸ்ல ஏழு மணிக்கே டின்னர் முடிஞ்சிரும். ஏழு மணிக்கு தின்ன ரெண்டு சப்பாத்தி பன்னெண்டு மணி வரைக்கும் எந்த வயித்துல தாங்கும் சொல்லுங்க.

ஃபிளாட் சின்னது, கிச்சனுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். பையன் தூங்குறப்போ இடி இடிச்சாக்கூட எந்திரிக்க மாட்டான், ஆனா கடுகு வெடிச்சா எந்திரிச்சிருவான், அது என்ன கணக்குன்னு எனக்கு இன்னும் பிடிபடல. எந்திரிச்சா எனக்கும் தோசைம்பான். அப்புறம் அவனைத் தூங்க வைக்க ஒரு மணி நேரம், காலையில வேனுக்கு கிளப்ப ஒரு யுத்தம். அதனால நான் சமைக்கிறதெல்லாம் சத்தம் வராத சமையல்.

ஆப்ல ஆர்டர் போடலாமேன்னு ஆபீஸ்ல பசங்க கேப்பாங்க. போடலாம். அந்த நேரத்துக்கு ஆப்பைத் திறந்தா வர்றது எல்லாமே பிரியாணி, ஃப்ரைடு ரைஸ், கிரில் சிக்கன், ஷவர்மா. நாலு பேரு சேர்ந்து வெளிய போற அன்னிக்கு சரி, தினமும் ஒரு மணிக்கு சிக்கன் பிரியாணியை தின்னுட்டு ஒன்றரைக்கு படுத்தா மறுநாள் நெஞ்செரிச்சல்லயே பொழுது விடியும். பசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அது நாக்கு கேக்குறது. அதுவும் போக, டெலிவரி தம்பி காலிங் பெல்லை அடிச்சா வீட்டுக்குள்ள சமைக்காமலே சட்டம் மூணையும் மீறின மாதிரி ஆயிரும்.

சத்தமில்லாத சமையல்ல முதல் இடம் மோர்க்களிக்கு. சில வீட்டுல மோர்க்கூழுன்னும் சொல்லுவாங்க. அரை கப் அரிசி மாவு, ஒன்றரை கப் நல்லா புளிச்ச மோர், உப்பு, மூணையும் கட்டி இல்லாம கையாலயே கரைச்சு வச்சுக்கணும். கரண்டியால கரைச்சா பாத்திரத்துல டங்கு டங்குன்னு இடிக்கும், அதுக்குத்தான் கை. வாணலியில நல்லெண்ணெய் தாராளமா ஒரு மூணு ஸ்பூன், அடுப்பு சிம்முலதான் இருக்கணும், கடுகு போட்டதும் தட்டை வச்சு மூடிருவேன், உள்ளுக்குள்ளயே பொரிஞ்சு அடங்கிரும், அப்புறம் உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம். மோர்மிளகாய் இல்லாம மோர்க்களி கிடையாது, ஆனா ராத்திரி அதை வறுத்தா கமறும், அதனால ஞாயித்துக்கிழமை பகல்லயே ஒரு பிடி வறுத்து டப்பாவுல போட்டு வச்சிருப்பேன், ரெண்டை எடுத்து நொறுக்கிப் போட்டா போதும். கரைச்ச மாவை ஊத்தினதும் கிண்ட ஆரம்பிக்கணும், மரக்கரண்டிதான் இதுக்கு லாயக்கு, சத்தமும் வராது. முதல்ல கஞ்சி மாதிரி இருக்கும், ரெண்டு நிமிஷத்துல அங்கங்க திரளும், பயப்படாம கிண்டிக்கிட்டே இருந்தா வெள்ளை நிறம் மாறி ஒரு பளபளப்பு வந்து சட்டியை விட்டு உருண்டு வரும். கையைத் தண்ணியில நனைச்சு தொட்டுப் பார்த்தா விரல்ல ஒட்டக்கூடாது, அதுதான் பதம். எண்ணெய் தடவுன தட்டுல கொட்டி ஆறவிட்டு துண்டு போடுறது எங்க அம்மா வழக்கம், நான் அவ்வளவு நேரமெல்லாம் பொறுக்க மாட்டேன், சட்டியோட தூக்கிட்டுப் போய் பால்கனியில நின்னே சாப்பிட்டிருவேன். அடுப்பு பத்தவச்சதுல இருந்து பத்து நிமிஷம்கூட ஆகாது. புளிச்ச மோர் தீர்ந்த மாதிரியும் ஆச்சு.

ரசமும் வைக்கலாம், மிளகு சீரகம் பொடிக்கிறதுதான் பிரச்சனை. மிக்ஸி கிடையாது, இடிகல்லுல இடிச்சா கீழ் வீட்டு மாமா மறுநாள் லிஃப்டுல வச்சு கேப்பாரு. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு பல் பூண்டு, எல்லாத்தையும் ஒரு கெட்டித் துணியில மடிச்சு வச்சு மேல சப்பாத்திக் கட்டையை அழுத்தி உருட்டினா நறநறன்னு நொறுங்கிரும், சத்தம் துணிக்குள்ளயே அமுங்கிரும். ரசத்துக்கு நைஸா பொடியக்கூடாதுங்கிறதால இது மிக்ஸியை விட மேல்னே சொல்லுவேன். நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளியை கையாலயே பிசைஞ்சு விட்டு, மஞ்சள்தூள், உப்பு, பச்சை வாசனை போற வரைக்கும் கொதி. பிரிட்ஜில பருப்புத்தண்ணி மிச்சம் இருந்தா அதை ஊத்தி, பொடிச்சதைப் போட்டு, நுரை கட்டி மேல எழும்பும்போதே அடுப்பை அணைச்சிரணும், தளதளன்னு கொதிக்க விட்டா ரசம் ரசமா இருக்காது. காரத்துக்கு மிளகு மட்டும்தான், காஞ்ச மிளகாய் கிடையாது, அப்ப நெடியும் கிடையாது. கூட அப்பளம் பொரிக்க மாட்டேன், நேரா சிம்முல வச்சு சுட்டுக்குவேன். சுட்ட அப்பளம்தான் ருசியும், இதுல எனக்கு யாரு கூடவும் வாதாட இஷ்டமில்ல.

சோறு வொய்ஃப் எட்டு மணிக்கு வச்சதுல ஒரு கிண்ணம் எனக்குன்னு இருக்கும். அதை அப்படியே வெளிய வச்சா சென்னை சூட்டுக்கு என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. ஆறுன சோத்தைக் குழைய மசிச்சு, காய்ச்சி ஆறவச்ச பாலை ஊத்தி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டு பிசைஞ்சு வச்சா ராத்திரி நான் வர்றப்போ பக்குவமா உறைஞ்சிருக்கும், புளிப்பே இருக்காது. அந்தக்காலத்துல ரயில் பயணத்துக்கு கட்டுன தயிர் சாதம் எல்லாம் இப்படித்தான். மே மாசத்துல சீக்கிரமே புளிக்க ஆரம்பிச்சிரும்கிறதால அப்ப மட்டும் பிரிட்ஜில தள்ளிருவாங்க. தொட்டுக்க எலுமிச்சை ஊறுகாய் இருந்தா போதும், அன்னிக்கு அடுப்பே பத்த வைக்கிறதில்ல.

வீட்டுல ஒண்ணுமே முடியாத அன்னிக்கு கையேந்தி பவன். ரேடியல் ரோடு பக்கம் ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருக்காங்க, இடம் இன்னும் துல்லியமா சொல்ல மாட்டேன், கூட்டம் சேர்ந்தா எனக்குத்தான் நஷ்டம். கேப் ஓட்டுற அண்ணனுக்கும் பசிக்கும், அவரும் இன்னும் ஒரு டிரிப் அடிக்கணும், அதனால நான் சொல்லாமலே வண்டியை அங்க ஓரங்கட்டிருவாரு. அக்கா போடுறது துணி இட்லி. மூடியைத் திறந்ததும் ஆவி மூஞ்சியில அடிக்கும், தட்டைத் தூக்கி கவுத்து துணி மேல ரெண்டு கை தண்ணி தெளிச்சு ஒரு ஓரத்துல இருந்து உரிப்பாங்க பாருங்க, ஒரு பருக்கை அளவு மாவுகூட துணியில ஒட்டாது. இட்லி மேல துணியோட நெசவு வரி வரியா பதிஞ்சிருக்கும். "இன்னா தம்பி, இன்னிக்கு லேட்டு? இட்லி தீந்துபோச்சு, அடுத்த ஈடு எடுக்க அஞ்சு நிமிசம் ஆவும், அதுக்குள்ள ஒரு தோசை தின்னேன்"னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க. தேங்காய்ச் சட்னி தண்ணியாத்தான் இருக்கும், கார சட்னியில பூண்டு தூக்கலா இருக்கும், சாம்பாரைப் பத்தி பேச வேணாம். 2019 ஜனவரியில பிளாஸ்டிக் தடை வர்றதுக்கு முன்னாடி தட்டு மேல பாலித்தீன் பேப்பர்தான் போடுவாங்க, சுடு இட்லியை அது மேல வச்சா எனக்கு வயித்தைக் கலக்கும், இப்ப அக்கா வட்டமா வெட்டுன வாழையிலை போடுறாங்க. அந்தச் சூட்டுக்கு இலை வெதும்பி வர்ற வாசனைக்கே இன்னும் ரெண்டு இட்லி உள்ள போகும்.

அதே 2019-ல தான் பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற கடைங்க 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம்னு தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டுச்சு, மூணு வருஷத்துக்கு, அப்புறம் 2022-ல நீட்டிச்சாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா வண்டியில வேலை பார்க்கிறது அக்கா, அவங்க வீட்டுக்காரரு, லீவு நாள்ல காலேஜ் படிக்கிற பொண்ணு, அவ்வளவுதான். ரோந்து வண்டி வெளிச்சம் தூரத்துல தெரிஞ்சாலே லைட்டை அணைச்சிட்டு பாத்திரத்தை மூட ஆரம்பிச்சிருவாங்க, நாங்க இருட்டுல நின்னு தட்டுல எது சட்னி எது சாம்பார்னு தடவித் தின்னுருக்கோம். ராத்திரியில ஆட்டோ ஓட்டுறவங்க, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரியில துணைக்கு இருக்கிறவங்க எல்லாம் ஏசி ஹோட்டல்லயா போய் சாப்பிடப் போறாங்க? சட்டத்துல தள்ளுவண்டிக்கும் ஒரு வரி சேர்த்தா நல்லாருக்கும்.

எங்க ஊரு மதுரைக்குப் போனா கதையே தலைகீழ். அங்க ராத்திரி சாப்பாடுன்னாலே சத்தம்தான். ரெண்டு தகடை வச்சு கல்லுல பரோட்டாவையும் முட்டையையும் கொத்துற சத்தம் ரெண்டு தெரு தள்ளி கேக்கும், கடைக்கு போர்டே தேவையில்ல, அந்த சத்தத்தை வச்சே கொத்து யாரு கடையில போடுறாங்கன்னு சொல்ற ஆளுங்கல்லாம் எங்க ஏரியாவுல உண்டு. கொத்துறதுக்கு நடுவுல மாஸ்டர் ஒரு கரண்டி சால்னாவை ஊத்துவாரு, அப்ப ஒரு செகண்ட் சத்தம் நிக்கும், புஸ்ஸுன்னு ஆவி வரும், திரும்ப தாளம் ஆரம்பிக்கும். மாட்டுத்தாவணியில விடியக்காலம் மூணு மணிக்கு பஸ் இறங்கினாலும் சூடா ஏதாவது கிடைக்கும், தூங்கா நகரம்னு சும்மா சொல்லல. சைக்கிள்ல, தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கிறவங்க கிட்ட ஒரு டம்ளர் வாங்கி குடிச்சா, பருத்திக்கொட்டைப் பால், கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து தொண்டையில இதமா இறங்கும், வயித்தை அடைச்சிரும். என் பையன் அங்க பாட்டி வீட்டுல கொத்து சத்தத்துலயே நல்லா தூங்குறான். இங்க வந்தா கடுகுக்கு எந்திரிக்கிறான்.

சென்னையில எனக்கு பிடிச்ச வெளிச் சாப்பாடு ஒண்ணு இருக்கு, அது நடுராத்திரிக்கு கிடைக்காது, சாயங்காலம் தொடங்கி ராத்திரி கொஞ்ச நேரத்தோட முடிஞ்சிரும். பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் பக்கம் விக்கிற அத்தோ. 1962-ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்த பின்னாடி கடை கண்ணியெல்லாம் போய் கப்பல் ஏறி வந்த நம்ம ஆளுங்க கொண்டு வந்தது. வீக் ஆஃப் அன்னிக்கு மூணு பேருமா ரயில்ல போவோம். மஞ்சள் நூடுல்ஸ், மெலிசா சீவின முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பேஜோன்னு சொல்ற மொறுமொறு தட்டையை நொறுக்கி, எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல போட்டு கையாலயே பிசைஞ்சு குடுப்பாங்க, கூட வாழைத்தண்டு சூப். அடுப்பு சத்தமே கிடையாது. வீட்டுல செஞ்சு பார்த்தா அந்தப் பூண்டு எண்ணெய் வாசனை வரவே மாட்டேங்குது, அதனால அதை அவங்க கையிலயே விட்டாச்சு.

இவ்வளவு பேசினாலும் வாரத்துல பாதி நாள் தோசைதான். ஞாயித்துக்கிழமை பகல்ல கிரைண்டர் ஓடும், நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அரை மணி நேரம் ஆட்டுறது என் வேலை, உப்பு போட்டு கையால கரைச்சு வைக்கிறது வொய்ஃப் வேலை, அவங்க கை பட்டாத்தான் மாவு பொங்குதுன்னு எங்க மாமியார் சொல்லி சொல்லி இப்ப எனக்கே அந்தப் பாத்திரத்துல கை வைக்க பயம். வெயில் காலத்துல ஆறு மணி நேரத்துல பொங்கிரும், மார்கழியில மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும். முதல் ரெண்டு நாள் இட்லி, அடுத்த ரெண்டு நாள் தோசை, சின்ன வெங்காயம் தூவி ஊத்தாப்பம், தொட்டுக்க பொடியும் நல்லெண்ணெயும். பொடி இருக்குற வீட்டுல சட்னி அரைக்கலையேன்னு ஒரு கவலையும் இல்ல.

வெள்ளிக்கிழமை ராத்திரி அடியில கொஞ்சம் மாவு நிக்கும், மூக்குக்கிட்ட கொண்டு போனாலே புளிப்பு ஏறும். அதுல ஒரு ஸ்பூன் ரவை, பொடியா நறுக்கின வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, ஒரு சிட்டிகை சீரகம் போட்டு குழிப்பணியாரம். பச்சை மிளகாயை வதக்காம அப்படியே மாவுல போட்டா நெடி வராது. குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய், சிம்முல மூடி வச்சு ஓரம் சிவந்ததும் குச்சியால ஒரு தள்ளு தள்ளினா தானா புரண்டுக்கும். ஏழு குழி கல்லு எங்க வீட்டுது, ரெண்டு ஈடு எடுத்தா பதினாலு, எனக்கு எட்டு போதும், மிச்ச ஆறு பையன் டிபன் பாக்ஸுக்கு ஆகும், சனிக்கிழமை ஸ்கூல் இருந்தா. இல்லைனா அந்த ஆறும் எனக்குத்தான்.