கிளான்சாவுக்கு டர்போ கடைசியாகத்தான் வந்தது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதோடு இலங்கையில் பழைய ஜப்பான் கார் எல்லாம் யானை விலை குதிரை விலை ஆகிவிட்டது. சரி, வேறு கார் வேண்டாம், கையில் இருக்கிற டொயோட்டா ஸ்டார்லட் கிளான்சாவையே தேற்றலாம் என்று முடிவெடுத்தேன். 1331 சிசி எஞ்சின், கம்பனி கொடுத்தது 135 குதிரைவலு. எனக்கு 200 பக்கம் வேண்டும், ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போனால் லொறியில் ஏறாமல் தன் சக்கரத்திலேயே திரும்பி வரவும் வேண்டும்.

இந்தக் காரில் கை வைக்கிற யாரும் முதலில் தேடுவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவில் பெரியது ஒன்றைத்தான். ஓர்ஸ் ஹில் பக்கத்துக் கராஜ் அண்ணா அதற்குச் சம்மதிக்கவே இல்லை. "தம்பி, எஞ்சின் உயிரோட இருக்கா எண்டு முதல்ல பாப்பம், டர்போ எங்கயும் ஓடிப்போகாது." கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வருகிற அழுத்தம் பார்த்தோம், நாலு சிலிண்டரும் பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தன. பிறகு இன்டேக் குழாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு, இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசினோம். குமிழி வந்த இடமெல்லாம் கசிவு. காய்ந்துபோன வாக்யூம் ஹோஸ்களை மாற்றியதுமே கார் வேறு மாதிரி ஓடியது, செலவு அற்பம். உப்புவெளிக் காற்றில் எர்த் வயர் முனைகள் பச்சை பிடித்திருந்தன, அவற்றையும் சுரண்டிச் சுத்தம் செய்தோம். சென்சார் பொய் சொன்னால் எந்த டியூனிங்கும் நிற்காது.

பெரிய காசு எரிபொருளுக்குத்தான் போனது. மணிக்கு 255 லீற்றர் தள்ளும் பம்ப், 440 சிசி இன்ஜெக்டர், காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர். அந்த மீட்டர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் ஊதும்போது, ஒரு பங்கு பெற்றோலுக்கு 11.5 பங்கு காற்று என்று நிற்க வேண்டும், 13ஐத் தாண்டினால் பெற்றோல் போதவில்லை, உடனே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பனி ஈசியூ, பூஸ்ட் எல்லை மீறினால் எரிபொருளை வெட்டிவிடும். அதை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது, நிறையப் பேர் போடுகிறார்கள். பெட்டி சென்சார் சிக்னலைக் குறைத்துக் காட்டும், உள்ளே வந்த கூடுதல் காற்று ஈசியூவுக்குத் தெரியாது, பெற்றோல் பற்றாமல் பிஸ்டன் உருகும். அந்தக் காலத்து ஈசியூ மடிக்கணினியைச் செருகி மாற்றி எழுதுகிற வகையும் இல்லை. ஆகவே செகண்ட் ஹாண்டில் ஒரு ஸ்டாண்டலோன், அதாவது நாமே முழுதாக டியூன் செய்யக்கூடிய தனி ஈசியூ வாங்கினேன். மொத்தச் செலவில் பெரிய பங்கு அதுதான், வருத்தமில்லை.

அடுத்தது நம் ஊர் வெயில். டர்போ ஊதுகிற சூடான காற்றைக் குளிரவைக்கும் கம்பனி இன்டர்கூலர் எஞ்சின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, நகரத்துக்குள் ஊர்ந்தால் அதுவே அடுப்புக் கல்லாகிவிடும். அதை எடுத்துவிட்டு முன்பக்க இன்டர்கூலர், தடித்த றேடியேட்டர், ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டோம். எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை.

அப்புறம்தான் டர்போ. கம்பனி போட்ட பழைய சிடி9 டர்போவை 1 பார் அழுத்தத்துக்கு மேல் தள்ளினால் சூடான காற்றைத்தான் ஊதும். பழையதாகக் கிடைத்த, அதைவிடப் பெரிய டிடி04 டர்போ ஒன்றைத் தண்டு ஆடுகிறதா என்று பார்த்து வாங்கி, மனிஃபோல்டை வெல்டிங்கில் செய்வித்தோம்.

டியூனிங் கொழும்புப் பக்கத்தில், காரை உருளையில் ஓட்டிச் சக்தி அளக்கிற டைனோவில். ஒக்டேன் 95க்குச் செய்யச் சொன்னேன், ஏப்ரல் மதியத்தில் கந்தளாய் தாண்டி ஓடுகிற கார் இது, இன்டேக் சூடேறினால் பிளக் பற்றவைக்கிற டைமிங்கைத் தானாகக் குறைக்கவும் சொன்னேன். இன்னும் பத்துப் பதினைந்து குதிரைவலு எடுக்கலாம் என்றார் டியூன் செய்தவர். வேண்டாம் என்றேன். சக்கரத்தில் 170க்குக் கொஞ்சம் மேலே காட்டியது, எஞ்சினில் கணக்குப் பார்த்தால் 200 பக்கம் வரும். 95 கிடைக்காமல் 92 அடிக்க வேண்டி வந்தால் பூஸ்ட் குறைந்த இரண்டாவது மேப், அதாவது இன்னொரு டியூன் ஈசியூவில் இருக்கிறது, ஒரு சுவிட்ச்தான்.

இப்போது ஒயிலை 10டபிள்யூ-40 போட்டு, சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுகிறேன். ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் பூஸ்ட் பக்கமே போவதில்லை, அங்கே யானைக்குத்தான் முன்னுரிமை. நாலாம் கியரில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த காசு அதற்கு, மிச்சம் இருந்தால் முன் பிரேக்குக்கு.