கஞ்சமலையும் விண்கல வாத்தியார்களும்

மாடி வகுப்பின் மேற்கு ஜன்னலில் சேலத்துக் கஞ்சமலை தெரியும். கடைசி பெஞ்சில் கைமாறிய விஞ்ஞானப் புதினங்களிலோ அடிக்கடி வருவது ஒரே கதை: அறிவில் மூத்த இனம் வானிலிருந்து இறங்கி இளைய இனத்துக்கு வழிகாட்டும். ஆர்தர் கிளார்க்கின் 1953 நாவலில் அப்படி வந்தவர்கள் 50 ஆண்டுகள் முகத்தையே காட்டவில்லை. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 1964 நாவலில், இடைக்காலத்திலேயே நிற்கும் கிரகத்துக்குப் பூமியிலிருந்து போனவர்கள் மாறுவேடத்தில் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். தலையிடலாமா கூடாதா என்ற வழக்கை இவர்கள் பிரமாதமாக நடத்துவார்கள். கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்தால்தான் இந்த வகைக் கதைகள் பல நழுவும். 'இரும்பு செய்யக் கற்றுத் தந்தனர்' என்று ஒரே வரி. அந்த வரிக்குள் இருப்பது ஜன்னலுக்கு வெளியே கிடந்தது.

கஞ்சமலைக் கல் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம், குவார்ட்ஸ் என்ற கல்லோடு பட்டை பட்டையாகப் பின்னியது. இடித்துக் குவார்ட்ஸைப் பிரிக்காமல் உலையில் போட்டால் கசடுதான் மிஞ்சும். அந்தக் காலக் கொல்லர்களின் மண் உலை 3 முதல் 5 அடி உயரம். காற்று அறாதிருக்க ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, மாற்றி மாற்றி. கரி, அதன்மேல் ஈரக் கனிமம் கொஞ்சம், மறுபடி கரி என்று 3, 4 மணி நேரம். கிடைப்பது உருகிய இரும்பல்ல, கசடு ஊறிய பிண்டம். சூடு ஆறுமுன் அடித்துக் கசடைப் பிழிய வேண்டும்.

உருக்குக்கு இன்னொரு கட்டம். பிண்டத்தைத் துண்டாக்கி மூசையில், அதாவது உலோகம் உருக்கும் சின்ன மண் குடுவையில் இட்டு, எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை, வாய்க்குக் களிமண் அடைப்பு. 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். மூசையை உடைத்துப் பார்த்தால் உருக்கு வில்லையின் மேல் நடுவிலிருந்து கதிர்போலக் கோடுகள் ஓட வேண்டும். தேன்கூடுபோல் துளையும் கட்டியுமாக இருந்தால் இரும்பு முழுக்க உருகவில்லை, கரிமம் சரியாக ஏறவில்லை.

நம்மூர்க் கனிமத்தைத் தேடியும் ஒரு 'மூத்த இனம்' வந்தது. ஆங்கிலேயர் ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இங்கிலாந்து பாணி இரும்பாலை தொடங்கினார், கனிமம் சேலத்தினுடையது. உலை பெரிது, தீனியும் பெரிது. கரிக்கு வெட்டிய காடு வெட்டிய வேகத்தில் வளருமா? நம் கொல்லர் உலை சின்னதாக இருந்ததை அறியாமை என்று நினைப்பவர்கள் கரிக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்துப் புதர்க்காடு எவ்வளவு தருமோ அவ்வளவுக்கே அது கேட்டது. கிரகம் விட்டுக் கிரகம் ஆலை கொண்டுபோகும் கதாசிரியர்கள் முதல் அத்தியாயத்திலேயே விறகுக்கு வழி சொல்லிவிடுவது நல்லது.

ஆலை நொடித்தது. ஆனால் மேலே சொன்ன மூசை முறையை எழுதி வைத்தவர்களில் ஹீத்தும் ஒருவர். இங்கிலாந்து திரும்பி, மூசை உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அங்கே உருக்குக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்துக்காரர்கள் அதே மாங்கனீசை வேறு வடிவில் மூசைக்குள் போட்டு, காப்புரிமைத் தொகை கொடுக்காமல் நழுவினார்கள். வழக்கு அவர் காலத்துக்குப் பிறகும் நடந்தது.