பின்கதவு வயர்

காரில் நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் மாறி மாறி மக்கர் பண்ணினால் உடனே புது கேமரா வாங்கிவிடாதீர்கள். பின்கதவுக் கீல் பக்கத்திலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கதவைத் திறந்து மூடி, வயர்கள் அங்கேதான் மடங்கி மடங்கி அறுந்துபோகும். சிலசமயம் வெளியுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு மட்டும் போயிருக்கும். மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்து வயரை ஆட்டிக்கொண்டே பார்த்தால்தான் மாட்டும். எர்த் வயர் போயிருந்தால் இன்னும் கூத்து, ஒரு விளக்கைப் போட்டால் வேறொன்று மங்கலாக எரியும்.

சிங்கப்பூரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் சிலிக்கோன் உறை போட்ட வயரும், சூடுபட்டால் சுருங்கி ஒட்டை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் வாங்கி, எங்கள் புளோக் கார்பார்க்கிலேயே பற்றவைத்துவிட்டேன். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டுத்தான். போகிற வருகிற அங்கிள்கள் சொன்ன யோசனைகள் தனிக் கதை. வயரைச் சேர்த்த ஒட்டு மட்டும் மடங்கும் இடத்தில் வரக்கூடாது, இரண்டு பக்கமும் தள்ளிப் போடுங்கள்.