வார்டில் பத்தொன்பது நாள்கள்

எச்ஐவியோடு பதினோரு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான் மருத்துவமனையில் சேர நேர்ந்ததற்கு என் கூச்சமே காரணம். அம்மாவின் காரியத்துக்காக மும்பையிலிருந்து நெல்லைக்குப் போனவன், நிலத் தகராறு இழுத்துக்கொண்டதால் ஐந்து மாதம் அங்கேயே தங்கிவிட்டேன். கையில் இருந்த மாத்திரை இரண்டே மாதத்தில் தீர்ந்தது. திருநெல்வேலி அரசு மருத்துவமனையின் கூட்டு மருந்து சிகிச்சை (ஏஆர்டி) மையத்தில் அட்டையைக் காட்டிக் கேட்டிருந்தால் ஏதேனும் வழி செய்திருப்பார்கள். வரிசையில் நிற்கும்போது சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்து, அந்தப் பக்கமே போகவில்லை.

தாராவிக்குத் திரும்பியபோது விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தன. 60 கிலோ உடம்பு 47 ஆகியிருந்தது. ஓர் இரவு மூச்சு வாங்கவே, மனைவி 90 அடி சாலையில் டாக்சி பிடித்து ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு அழைத்துச் சென்றாள். எக்ஸ்ரே எடுக்கும்வரை அங்கே படுக்கை இருந்தது. ஏஆர்டி அட்டையைப் பார்த்த பிறகு இல்லாமல் போயிற்று. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கிறது என்பதும், மாநிலங்கள் இதற்கெனக் குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும், இரவு இரண்டு மணிக்கு மூச்சிரைக்க நின்றுகொண்டு சட்டம் பேசியிருப்பேனா என்பது சந்தேகமே.

மாநகராட்சி மருத்துவமனையில் முதலில் ஆக்சிஜன் வைத்தார்கள். கேஸ் பேப்பரும் கேள்விகளும் அதன் பிறகுதான். மாத்திரை எந்த வாரத்தில் நின்றது என்பதுவரை மனைவி மராத்தியில் மறைக்காமல் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் மறுநாள் காலையிலேயே என் சளி, காசநோய்க் கிருமியைக் கண்டறியும் சிபிநாட் பரிசோதனைக்குப் போயிற்று. நுரையீரல் காசநோய் உறுதியானது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் இரத்த அணுக்களின் அளவான சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலே ஆபத்து; எனக்கு 84.

ஏஆர்டியை அன்றே தொடங்கும்படி கெஞ்சினேன். மருத்துவர் இசையவில்லை. முதலில் காசநோய் மருந்து, அது உடம்புக்கு ஒத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் ஏஆர்டி என்றும், இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால், மீண்டுவரும் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மூர்க்கமாக மோதி நோயைக் கிளப்பிவிடலாம் என்றும் பொறுமையாக விளக்கினார். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, என் கட்டிலில் தொங்கிய அட்டையில் யாரோ சிவப்பு மையில் நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வட்டமிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். மனைவி சண்டை போடவில்லை. அட்டையைக் கழற்றிக்கொண்டு சிஸ்டர் மேசைக்குப் போனாள். கால் மணி நேரத்தில் வேறு அட்டை வந்தது. வார்டு மாவுஷி (ஆயாம்மா) மட்டும் எப்போதும்போல வெறுங்கையால் என் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போனார்.

டிஸ்சார்ஜ் தாளை ஏஆர்டி மையத்தில் காட்டாமல் இருந்திருந்தால் மீண்டும் சிக்கியிருப்பேன். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், இரத்தத்தில் எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும்; எனவே அந்தச் சிகிச்சை முடியும்வரை, அந்த மருந்து அடங்கிய வழக்கமான டிஎல்டி கூட்டு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். தாளில் அது விடுபட்டிருந்தது. மைய மருத்துவர் தம் பேனாவால் சேர்த்து எழுதினார்.

காசநோய் சிகிச்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இடையில் ஊரில் கோயில் கொடை வருகிறது. போக வேண்டும் என்று மையத்து ஆலோசகரிடம் சொன்னதும், அவர் என் மாத்திரை டப்பாவை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நெல்லை மையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ரயில் டிக்கெட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்.