மேட்டூர், கல்லணைப் பதிவேடு: மெத்தட் தரும் டைப்பைக் கம்பைலரே கண்டுபிடிக்கிறது

மேட்டூர் அணை நிலவரத்தையும் கல்லணையில் திறக்கும் தண்ணீரையும் குறித்து வைக்க டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி வருகிறேன். குறுவைக்கு நாற்று விடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதை எங்கள் பக்கம் இந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

இரண்டும் ஒரே மாதிரியான பதிவு அல்ல. மேட்டூருக்கு நீர்மட்டம், வரத்து, திறப்பு. கல்லணைக்குக் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்கு எண்கள். அதனால் 'பதிவேடு' என்று ஒரே ஜெனரிக் கிளாஸ், அதாவது எந்த டைப் (தரவு வகை) பதிவையும் ஏற்கும் கிளாஸ், வைத்தேன். கிளாஸ் பெயரைத் தமிழிலேயே எழுத முடிவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதில், கடைசிப் பதிவைத் தரும் 'கடைசி' என்று ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்). மேட்டூர்ப் பதிவேட்டில் அதன் டைப்பை எடுத்து, ஃபங்ஷன் தரும் விடையின் டைப்பைச் சொல்லும் ரிட்டர்ன்டைப்புக்குள் போட்டால், மேட்டூர்ப் பதிவு அல்லது அன்டிஃபைன்ட் (பதிவே இல்லாதபோது) என்று சரியாக வருகிறது. ரிட்டர்ன்டைப் 2018-இல் 2.8 பதிப்போடு வந்தது. உள்ளே வேலை செய்வது, டைப்பை ஊகித்து எடுக்கும் 'இன்ஃபர்' என்ற சொல்தான்.

எந்தப் பதிவேட்டையும் வாங்கிக் கடைசிப் பதிவைத் தரும் ஃபங்ஷனில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பதிவேட்டின் முழு டைப்பையே ஜெனரிக்காக வைத்து, விடைக்கு ரிட்டர்ன்டைப் எழுதினால் ஃபங்ஷனுக்குள் எர்ரர். உள்ளே வரப்போவது எந்தப் பதிவேடு என்று, நிரலைச் சரிபார்க்கும் கம்பைலருக்கு அங்கே தெரியாது. ரிட்டர்ன்டைப் ஒரு கண்டிஷனல் டைப், அதாவது நிபந்தனையைப் பார்த்து முடிவாகும் டைப்; ஆகவே அதை அவிழ்க்காமல் தள்ளிப்போடுகிறது. அப்புறம், பதிவேட்டை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் பதிவின் டைப்பை மட்டும் ஜெனரிக்காக்கினேன். ரிட்டர்ன்டைப்பே தேவைப்படவில்லை. கல்லணைப் பதிவேட்டைக் கொடுத்தால் கல்லணைப் பதிவு, விடையின் டைப்பை நான் எழுதாமலே! இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு பதிவையும் வேறொன்றாக மாற்றி அர்ரேயாக (வரிசையாக) தரும் 'மாற்று' மெத்தட் இன்னும் ஒரு படி மேலே: அதற்கே சொந்தமாக ஒரு ஜெனரிக் உண்டு. ரிட்டர்ன்டைப் கேட்டால் 'அன்நோன்' (டைப் தெரியாத) அர்ரே என்கிறது. 4.7 பதிப்பு முதல், 'டைப்ஆஃப்' போட்டு மெத்தட் பெயரை ஒட்டியே நம்பர் என்று குறிப்பிடலாம். அப்படிச் செய்ததும் நம்பர் அர்ரே வந்துவிட்டது.

அடுத்து, தேதி கொடுத்தால் ஒரு பதிவும், இரண்டு தேதி கொடுத்தால் அந்த இடைவெளி முழுவதும் தரும் 'தேடு'. ஓவர்லோட், அதாவது ஒரே பெயரில் பல வடிவங்கள், இருந்தால் ரிட்டர்ன்டைப் கடைசி வடிவத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், இதை இரண்டு மெத்தடாகவே பிரிக்கப் போகிறேன்.